முதலில் ஒரு மேஸ்திரியைத் தேடுங்கள்

கேள்வி: எனக்கு 31 வயது. கட்டடக்கலை படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கண்ணாடி முகப்பும் அலுமினியத் தகடும் வரைந்து சலித்துவிட்டது. சொந்த ஊரான திருச்சிக்குத் திரும்பி, சூழலுக்கு உகந்த கட்டடங்களை மட்டும் செய்கிற சிறிய அலுவலகம் தொடங்க நினைக்கிறேன். கையில் நான்கு லட்சம் ரூபாய் இருக்கிறது. கல்லூரித் தோழி ஒருத்தி கூட்டுச் சேரத் தயார். முதல் வேலையாகப் பெரியப்பா தன் வீட்டைக் கட்டித் தரச் சொல்கிறார்; ‘நம் பிள்ளைதானே’ என்பதால் கட்டணப் பேச்சே எழவில்லை. மற்றவர்களிடம் மண் சுவர், சுண்ணாம்பு என்று ஆரம்பித்தாலே ‘செலவு கூடுமே, கரையான் ஏறுமே’ என்கிறார்கள். பசுமைக் கட்டடச் சான்றுத் தேர்வு எழுதினால் மதிப்புக் கூடுமா? அலுவலகப் பெயரில் ‘பசுமை’ என்ற சொல் இருக்கலாமா? முக்கியமாக, இந்த ஊரில் இந்தத் தொழில் சோறு போடுமா? — வாசகி, திருச்சி

போடும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குழம்பு இருக்காது, அவ்வளவுதான்.

நான் மதுரையில் தனியாக அலுவலகம் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் என்னையும் சேர்த்து நான்கு பேர்தான். ஐந்தாவது ஆளைச் சேர்த்த இரண்டு தடவையும் வருத்தப்பட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் தோழி வருகிறார், பெரியப்பா வருகிறார், கரையான்கூட வருகிறது. கொத்தனார் வரவில்லை. நீங்கள் வரையப்போகும் சுவரை யார் எழுப்பப்போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. பெரிய அலுவலகத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது இயல்பு. அங்கே வரைபடம் போய்ச் சேர்ந்துவிட்டால் மீதியை டெண்டர் எடுத்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும். நம் ஊர்களில் 1,200 சதுரடி வீட்டில் வழக்கத்துக்கு மாறான எதையாவது செய்ய வேண்டுமென்றால், உங்கள் அலுவலகத்தில் பாதி அந்த மேஸ்திரிதான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். 2004-ல் மதுரைக்கு வெளியே ஒரு பள்ளி ஆசிரியருக்கு வீடு. ராட் டிராப் பாண்ட் என்கிற எலிப்பொறிக் கட்டுமுறையில் சுவர் வரைந்திருந்தேன். சிக்கனக் கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளமெங்கும் பரப்பிய முறை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்கினால் ஒன்பது அங்குலச் சுவருக்குள் வரிசையாகப் பொந்துகள் கிடைக்கும். செங்கல்லில் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம், கலவையும் குறையும், உள்ளே அடைபட்ட காற்று வெயில் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். இரண்டு நாள் கூடவே நின்றேன். (முதல் நாள் சித்தாள் ஒருவர், ‘மேடம், சார் எப்போது வருவார்?’ என்று கேட்டார். நான்தான் சார் என்றேன்.) சுவர் ஒழுங்காக எழும்பியது. மூன்றாம் நாள் வேறு வேலையாகத் திண்டுக்கல் போய்விட்டேன்.

சுவருக்குள் பொந்து விட்டுக் கட்டுவது அந்த மேஸ்திரியின் மனசாட்சிக்கு ஒப்பவில்லை. வீட்டுக்காரருக்குத் துரோகம் செய்கிறோம் என்று நினைத்து, அன்றைக்குக் கட்டிய சுவரின் பொந்துகள் அத்தனையையும் சிமெண்ட் கலவை போட்டு நிரப்பிவிட்டார். சாதாரணச் சுவரைவிட அதிகம் சிமெண்ட் குடித்த சிக்கனச் சுவர் அது. ஆசிரியர் மூட்டைகளை எண்ணிக் குறித்து வைக்கிறவர்; உடனே பிடித்துவிட்டார். பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து, நிரப்பாத பகுதிகளில் குழாய் பதிக்கச் சுவரைக் கொத்தினார். நிறுத்திவைத்த செங்கற்கள் அப்பளம்போல் உடைந்தன. மூன்று இடங்களில் பிரித்துக் கட்டினோம். அந்தச் செலவை நான்தான் ஏற்றேன்.

மேஸ்திரிமேல் தவறில்லை. அவர் கையில் நான் கொடுத்தது ஆங்கிலத்தில் குறிப்பெழுதிய ஒரு தாள். அடுத்த வீட்டில் வேலை தொடங்கும் முன்பு அதே மேஸ்திரியை அழைத்து, மூன்றடி உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொன்னேன். இரண்டு வாரம் தண்ணீர் விட்டு ஆறவைத்த பிறகு அவரையே கடப்பாரையால் இடிக்கச் சொன்னேன். அவர் நினைத்ததைவிட வெகுநேரம் ஆனது. அன்றைக்கு அவருக்கு வந்த நம்பிக்கையை எந்த வரைபடமும் தந்திருக்காது. இன்று மின்குழாய் எந்தப் பொந்துக்குள் இறங்க வேண்டும் என்பதை எனக்கு முன்பே அவர் முடிவுசெய்துவிடுகிறார்.

பேக்கர் பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார் என்று நாம் வியந்து பேசுகிறோம். அந்த அளவு படம் அவருக்குப் போதுமாக இருந்ததற்குக் காரணம், அவர் தினமும் கட்டடத்தில் நின்றார். கட்டியவர்கள் அவரிடம் பழகியவர்கள். 1985-ல் திருச்சூரில் தொடங்கி, பேக்கர் வழியில் சிக்கன வீடுகள் கட்டும் காஸ்ட்ஃபோர்டு அமைப்பின் பலமும் இதே முறைகளில் தேர்ந்த தொழிலாளர்கள்தான். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் மண் நிறுவனம் இருக்கிறது. 1989-ல் தொடங்கியது. மண்ணை அழுத்தி மண்கல் செய்வதிலும் அதைக் கொண்டு கட்டுவதிலும் பயிற்சி தருகிறார்கள். நீங்கள் மட்டும் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரு மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அத்தனை நாளுக்கும் அவருக்கு முழுச் சம்பளம் கொடுங்கள். உங்கள் நான்கு லட்சத்தில் இதைவிட நல்ல செலவு கிடையாது.

எப்படிப்பட்ட மேஸ்திரி? வயது நாற்பதுக்குள், சொந்தமாக நான்கைந்து பேர் வைத்திருப்பவர், பெரிய காண்ட்ராக்டரிடம் சிக்காதவர். தன் வேலையில் குறை இருந்தால் பூசி மறைக்காமல் சொல்கிறவராக இருந்தால் அவரை விடாதீர்கள். ஸ்ரீரங்கத்திலோ செட்டிநாட்டுப் பக்கமோ பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் நின்றவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்பின் குணம் அவர்கள் கைக்குத் தெரியும்.

இனி உங்கள் வாடிக்கையாளர்களின் பயம். கரையான் மண்ணைத் தின்பதில்லை. மரத்தைத் தேடிச் சுவர் வழியாக ஏறுகிறது. செங்கல் சுவரிலும் அப்படித்தான் ஏறும். பேஸ்மட்டத்தை உயர்த்தி, தரைமட்டத்தில் ஒழுங்காகத் தடுப்புச் செய்தால் இரண்டுக்கும் ஒரே பாதுகாப்பு. இதைச் சொல்லிவிடலாம். செலவு என்கிற பயத்துக்கு அத்தனை எளிதான பதில் இல்லை, ஏனென்றால் அவர்கள் பாதி சரி. அழுத்திய மண்கல்லை மனைக்குப் பக்கத்து மண்ணிலேயே செய்தால் மலிவு. லாரியில் இருநூறு கிலோமீட்டர் கொண்டுவந்தால் விலையும் போயிற்று, சூழல் அக்கறையும் டீசலாகக் கரைந்தது. அதற்கேற்ற மண்ணில் ஏறக்குறையப் பாதி மணலும், ஐந்தில் ஒரு பங்கு களியும் இருக்க வேண்டும். மீதி சரளையும் வண்டலும். அத்துடன் 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் சேர்த்து அழுத்துவார்கள். செம்மண் பூமி என்றால் பெரும்பாலும் சரிப்படும். காவிரிப் படுகையின் கனத்த களிமண் உங்களைக் காலை வாரும். பெரியப்பாவின் மனை எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்த மண்ணையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில், களி மேலே என்று அடுக்கடுக்காகப் படியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மண் சுவரைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும்.

நானும் ஒரு தடவை மண்ணின் மேல் கொண்ட காதலில் புத்தியை இழந்திருக்கிறேன். கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றுக்குப் பூச்சில்லாத மண்சுவர்; படத்தில் அழகாகத் தெரிய வேண்டும் என்று கூரையை ஓர் அடி மட்டும் வெளியே நீட்டியிருந்தேன். ஐப்பசி மழை அங்கே மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கும். இரண்டே பருவத்தில் கிழக்குச் சுவரின் கீழ் மூன்று வரிசை அரித்துக் கல்லின் முனைகள் மழுங்கிவிட்டன. மூன்றடித் தாழ்வாரம் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நம் பாட்டன்மார் திண்ணைக்கு மேல் ஓட்டுக் கூரையை ஏன் அவ்வளவு தாழ்வாக இறக்கினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுண்ணாம்பு நல்ல பொருள். சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கரைச் சுட 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கல் 900 டிகிரியிலேயே நீறிவிடும். பூசிய பிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது இறுகுகிறது. ஆனால் அது தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும். கிரகப்பிரவேசத்தைத் தை மாதத்தில் குறித்துவிட்டுக் கார்த்திகையில் சுண்ணாம்புப் பூச்சை ஆரம்பிக்கச் சொல்கிற வீட்டுக்காரரிடம் மறுத்துவிடுங்கள். ஜோசியர் குறித்த தேதியை உங்களால் மாற்ற முடியாது, பூச்சை மாற்றலாம்.

ஆனால் மண்ணையும் சுண்ணாம்பையும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் தலைமுறை ஆர்க்கிடெக்ட்டுகளிடம் நான் பார்க்கிற பெரிய குறை இது: பொருள் நாட்டுப்பொருளாக இருந்தால் கட்டடம் நல்ல கட்டடம் என்ற எண்ணம். பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் போய்ப் பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து, 1930-களின் இறுதியில் வேலை தொடங்கிய கட்டடம். முழுக்கக் கான்கிரீட். வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பி மூடக்கூடிய கிடைச் சட்டங்கள். கூரைக்கு மேல் இன்னொரு கூரை. ஏசி இல்லை. மண் குடிசை கட்டியும் உள்ளே புழுங்கவைக்க முடியும் என்பதற்கு நான் பார்த்த ‘இயற்கை விடுதிகள்’ பலவும் சாட்சி.

திருச்சியில் உங்கள் உண்மையான எதிரி கூரை. திருச்சி ஏறத்தாழ 10.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். குளிர்நாட்டுப் பாடநூல்களிலிருந்து வந்த ‘தெற்குச் சன்னலுக்கு நிழல் கொடு’ என்கிற பாடம் கத்திரி வெயிலில் இங்கே உதவாது. அந்தத் தெற்கு வெயில் நமக்கு மார்கழியில்தான் வருகிறது. கோடையில் பகல் முழுவதும் வெயிலைத் தாங்குவது மொட்டை மாடி. வெறும் கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைச் சேர்த்துவைத்து இரவு பத்து மணிக்குக் கட்டிலில் இறக்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் தேக்கு உத்திரத்துக்கு மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டோடு பதித்தார்களே, அத்தனை கனமும் இந்த ஒரு பிரச்சினைக்காக. நீங்கள் தேக்குக்குப் போக வேண்டியதில்லை. கான்கிரீட்டுக்கு இடையில் மங்களூர் ஓடுகளை வைத்து ஃபில்லர் தளம் போடலாம். மேலே வெள்ளை ஓட்டுச் சில்லுகள் பதிக்கலாம். அதற்கும் மேல் பந்தல் போட்டு நிழல் கொடுக்கலாம். மூன்றில் எது பெரியப்பாவின் பட்ஜெட்டுக்கு ஒத்துவருமோ அது.

மேற்குச் சுவர் இன்னும் சுவாரசியமானது. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து வருகிறது, ஆகவே மேற்கை மூடு என்பார்கள். ஆனால் திருச்சிக்கு ஆடிக்காற்றும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அதே மேற்கிலிருந்துதான் வருகிறது. சூட்டுக்குப் பயந்து மேற்கை அடைத்தால், அம்மியையே பறக்கவைக்கும் காற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். மாடிப்படி, கழிவறை இவற்றை மேற்கில் பாதி தூரம் நிறுத்தி, மீதிப் பாதியில் துளைகள் வைத்த செங்கல் ஜாலிச் சுவரும், அதற்குப் பின்னால் நான்கடி நடையும் வைத்தால் வெயில் ஜாலியில் நின்றுவிடும், காற்று உள்ளே வரும். புழுதியும் வரும், வீட்டைப் பெருக்குகிற பெண்களிடம் இதை முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். ஜாலி போட்டுக் கொடுத்த ஆறாவது மாதம் அதை உள்பக்கமாகக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நான் கட்டியதே ஒன்று உண்டு.

இப்போது வாடிக்கையாளரிடம் என்ன பேசுவது என்பதற்கு வருகிறேன். ‘சூழலுக்கு உகந்தது’ என்ற சொல்லை முதல் மூன்று சந்திப்புகளில் எடுக்காதீர்கள். ‘உங்கள் வீட்டில் மேல்மாடி அறையில் யார் படுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் படுப்பதில்லை; பழைய பெட்டிகள் படுத்திருக்கும். அல்லது ஏசி போட்டுக் கரண்ட் பில்லைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அறையை ஆண்டில் நான்கு மாதம் பயன்படுத்த முடியவில்லை என்பதை அவர்களே சொல்லும்போது, செலவு என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். சில நூறு ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற சிறு கருவி கிடைக்கிறது. நான்கு வாங்குங்கள். நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும், பக்கத்து வீட்டிலும், சித்திரை வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முன் நான் முதலில் வைப்பது அந்த நோட்டைத்தான். கட்டட ஆல்பத்தைப் பிறகுதான். சில வீடுகளில் எண்கள் எனக்குச் சாதகமாக இல்லை. அந்தப் பக்கங்களையும் கிழிக்கவில்லை.

முதல் ஆண்டில் புது வீடுகளுக்காக மட்டும் காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே கட்டிய வீட்டின் சூட்டைக் குறைத்துக் கொடுப்பது தனி வேலை. அரை நாள் போய்ப் பார்த்து, அளந்து, இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதற்கு ஒரு கட்டணம். வேலையைச் செய்து முடிக்க இன்னொன்று. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேற்கில் நிழல், சன்னலுக்கு மேலே வெப்பக்காற்று வெளியேற வழி: பெரும்பாலும் இவ்வளவுதான். இடித்துப் புதிதாகக் கட்டுவதைவிடச் சூழலுக்கு இது எவ்வளவோ மேல். உங்கள் மேஸ்திரிக்கும் இடைவெளி இல்லாமல் வேலை இருக்கும். இல்லையென்றால் மூன்றே மாதத்தில் அவரை வேறு யாராவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சான்றுத் தேர்வு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெரி என்ற ஆய்வு அமைப்பு உருவாக்கிய கிரிஹா, இந்தியப் பசுமைக் கட்டட மன்றமான ஐஜிபிசி தருவது என இரண்டு சான்றுகளுமே பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலை என்று போகும்போது பயன்படும், அங்கே கேட்பார்கள். தனி வீடு கட்டுகிறவர் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. ஓராண்டு கழித்து எழுதுங்கள். அதைவிட முதலில் 2018-ல் வெளியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு விதித்தொகுப்பின் கணக்கை உங்கள் கையால் ஒரு வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. எந்தச் சன்னல் எவ்வளவு கெடுக்கிறது என்று எண்ணாகப் பார்த்தால் கண் திறக்கும்.

பணம். இதைத்தான் எல்லோரும் கூச்சத்தோடு கேட்கிறார்கள். 1,200 சதுரடி வீடு, சதுரடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 30 லட்சம். நீங்கள் 7 சதவீதம் கேட்டால் 2,10,000. வீடு முடியப் பதினான்கு மாதம் என்றால் மாதத்துக்கு 15,000. இதில் பெட்ரோல், உதவியாளர், பிரிண்ட் எல்லாம் அடக்கம். ஒரே சமயத்தில் நான்கு வீடு ஓடினால்தான் நீங்கள் வாங்கிய பழைய சம்பளத்தின் பக்கம் போக முடியும். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஏதாவது கட்டடக்கலைக் கல்லூரியில் வகுப்பெடுங்கள். நான் ஐந்து ஆண்டுகள் எடுத்தேன். வாடகை போட்டு அலுவலகம் பிடிக்காதீர்கள். வீட்டில் ஓர் அறை போதும், உங்கள் ஆட்கள் வந்து உட்கார ஒரு திண்ணை இருந்தால் சரி.

சதவீதக் கட்டணத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. உங்கள் திறமையால் அந்த வீட்டில் மூன்று லட்சம் மிச்சப்படுத்திக் கொடுத்தால், உங்கள் கட்டணத்தில் 21,000 குறையும். சிக்கனமாகக் கட்டியதற்கு அபராதம். கிரானைட்டை ஏற்றிக்கொண்டே போகிற ஆர்க்கிடெக்ட்டுக்குப் பரிசு. அதனால் தொடக்கத்திலேயே அந்த ஊரின் வழக்கமான கட்டுமானச் செலவைக் கணக்கிட்டு, அதில் சதவீதம் போட்டு, வந்த தொகையை ஒப்பந்தத்தில் ரூபாயாக எழுதிவிடுங்கள். பிறகு செலவு ஏறினாலும் இறங்கினாலும் அது மாறக் கூடாது. தவணைகளை வேலையின் கட்டங்களோடு பிணையுங்கள். முந்தைய தவணை வராமல் அடுத்த வரைபடம் போகக் கூடாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி வரும். அன்றைக்கு ஓர் ஆடிட்டரைப் பாருங்கள், அதுவரை நோட்டு போதும்.

அப்ரூவல் பிளானை நம்பிப் பிழைக்க முடியாது. 2,500 சதுரடிக்குள் மனை, 3,500 சதுரடிக்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கிவிடலாம். ‘ஆர்க்கிடெக்ட்’ என்கிற பட்டத்தைத்தான் 1972-ன் ஆர்க்கிடெக்ட்டுகள் சட்டம் காக்கிறது, தொழிலை அல்ல என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சதுரடிக்கு இத்தனை ரூபாய் என்று படம் போட்டுக் கொடுக்கிறவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களோடு விலையில் போட்டி போட வேண்டாம், போட்டாலும் தோற்றுவிடுவீர்கள். அவர்கள் கட்டடத்துக்கு வருவதில்லை, நீங்கள் வருவீர்கள். அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் உங்களுக்குப் பணம்.

கமிஷன் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலகை மாட்டிய மாதத்திலேயே டைல்ஸ் கடை, பெயிண்ட் கடை, கம்பிக் கடை எல்லாரும் டைரியோடும் இனிப்போடும் வருவார்கள். ‘உங்கள் பெயரில் இத்தனை சதவீதம்’ என்பார்கள். ஆர்க்கிடெக்ட்டுகளுக்கான 1989 தொழில் நடத்தை விதிகள் இதைத் தடுக்கின்றன என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல்லுக்கும் சிவப்பு ஆக்சைடு தரைக்கும் செம்மண்ணுக்கும் யாரும் கமிஷன் தருவதில்லை. ஒரு தடவை கை நீட்டிவிட்டால், அடுத்த வீட்டில் எந்தத் தரை என்று தீர்மானிப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

பெரியப்பா வீடு. கட்டாயம் எடுங்கள்; தப்புச் செய்தாலும் உறவு முறியாத இடத்தில் முதல் தப்பைச் செய்வது நல்லது. ஆனால் கட்டணம் வாங்குங்கள். ‘பெரியப்பா, என் கட்டணம் 2,10,000. உங்களுக்காக 60,000 குறைத்திருக்கிறேன்’ என்று தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பெரியம்மாவிடம் கொடுங்கள். சும்மா செய்துகொடுத்த வேலைக்கு மரியாதை இருக்காது என்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. சும்மா செய்கிறவரிடம் வீட்டில் உள்ள அத்தனை பேரும் யோசனை சொல்வார்கள், தினமும் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு வருகிற மற்றச் சொந்தக்காரர்களும் இலவசமாகவே எதிர்பார்ப்பார்கள். உங்கள் முதல் பத்து வாடிக்கையாளர்களும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வரப்போகிறார்கள்.

தோழியோடு கூட்டு என்றால், யார் கட்டடத்துக்குப் போவது, யார் கணக்குப் பார்ப்பது, ஒருவர் திருமணமாகியோ வேறு ஊருக்கோ போனால் நடப்பு வேலைகள் யாருடையவை என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். இருவருமே வரைய மட்டும் விரும்புகிறவர்களாக இருந்தால் கூட்டு வேண்டாம்.

ஐந்தாவது ஆள் கதை: முதல் தடவை ஒரே சமயத்தில் பதினோரு வேலை வந்தது என்று ஆள் சேர்த்தேன். அவருக்குச் சம்பளம் கொடுப்பதற்காக, எனக்குப் பிடிக்காத ஒரு வணிக வளாகத்தை எடுத்தேன். அதற்காகக் கட்டடங்களுக்குப் போவதைக் குறைத்தேன். அந்த ஆண்டு கட்டிய ஃபில்லர் தளம் ஒன்றில் ஓடுகளை நனைக்காமல் வைத்துவிட்டார்கள். ஓடு கலவையின் ஈரத்தை இழுத்து, அடியில் வரிவரியாக வெடித்தது. இரண்டாம் தடவையும் ஏறக்குறைய அதே கதை, தளத்துக்குப் பதில் சுவர். எத்தனை கட்டடத்தை வாரம் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க முடியுமோ அத்தனைதான் என் அலுவலகத்தின் அளவு என்று பிறகு முடிவுசெய்துவிட்டேன். எனக்கு அது ஆறு. உங்களுக்கு வயது இருக்கிறது, எட்டாக இருக்கலாம்.

கடைசியாகப் பெயர். ‘பசுமை’ வேண்டாம், அந்தச் சொல்லைக் காய்கறிக் கடையிலிருந்து மனை விற்பவர்வரை எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உங்கள் பெயரையே வையுங்கள். நமக்கு விளம்பரம் செய்ய அனுமதி இல்லை என்பது தெரிந்திருக்கும். ஆனால் நாம் கட்டும் கட்டடத்தில் பெயர் எழுதிவைக்கலாம். எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பெரியப்பா மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்றே அந்தப் பலகையை நட்டுவிடுங்கள். உங்கள் பெயருக்குக் கீழே மேஸ்திரியின் பெயரையும் அதே அளவில் எழுதுங்கள். நான் அப்படி முதன்முதலில் எழுதிவைத்த வீட்டின் வழியாக இரண்டு வேலைகள் வந்தன. இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டு போனது அவரிடம்தான். அவர்தான் என்னிடம் அனுப்பிவைத்தார்.